நடந்து வந்த மரப்படி

வாழைக்குறிச்சிக்குப் போகிறவர்கள் பூவலிங்கம் வீடு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக்குப் படியே இல்லையோ அதுதான். ஆள் நெஞ்சு உயரத்தில், சுவரில் மாட்டிய படம் மாதிரி வாசல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கட்டும்போது படி இருந்தது. குளம் உடைந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று பூவலிங்கத்தின் அப்பா வீட்டை உயர்த்திக் கட்டி, கல்லில் அருமையான படியும் போட்டிருந்தார். அவர் காலமான பிறகு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். "எப்படிப் புகுந்தான்?" என்று பூவலிங்கம் விசாரித்தார். "படியேறித்தான்" என்றார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் தம்பி மூன்று பேரும் கடப்பாரையோடு இறங்கிப் படியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குத் திருடன் வரவில்லை. விருந்தாளியும் வரவில்லை.

மூத்தவர் பூவலிங்கம் பெரிய மீசைக்காரர். எதையும் யோசித்துத்தான் செய்வார். யோசிக்காமல் செய்திருந்தால் பாதி சேதம் குறைந்திருக்கும். அடுத்தவர் மாசானம், சொன்ன சொல்லைத் தட்டாதவர். கடைசித் தம்பி செந்தூரான் நெடுநெடுவென்று வளர்ந்தவர். சந்தேகம் கேட்பதில் கெட்டிக்காரர். அப்பா விட்டுப்போன வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அதே தோட்டத்துக்கு மூவரும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பூவலிங்கத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன பண்ணுதார்?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். கூடப் போயிருந்த மாசானம் திண்டாடாமல் பதில் சொன்னார். "இப்பத்தான் காப்பி குடிச்சு முடிச்சார். டம்ளரை எங்க வைக்கன்னு பாத்துக்கிட்டு இருக்கார்."

இவர்களுக்கு ஒரு தங்கை. பெயர் பவளம். டவுனில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தது அவளிடம்தான். மற்ற மூன்று பேரும் அதையே பொதுவில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பவளத்துக்கு வந்த வரன் ஒவ்வொன்றும் வாசலோடு திரும்பிப் போயிற்று. ஒரு பெரியவர் ஏற முயன்று, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டார். வந்தவர்களில் பாதிப் பேர் இழுக்க, வீட்டுக்காரர்கள் தள்ள, கடைசியில் அவர் பெண்ணையும் பார்க்கவில்லை, வேட்டியையும் காணவில்லை.

இந்த முறை வந்த இடம் பவளத்துக்கே பிடித்த இடம். மாப்பிள்ளை பக்கத்து ஊர் சிதம்பரராஜா. ஒரு கல்யாணப் பந்தியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர். சாப்பிட்டு எழுந்திருக்கிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பெண்ணுக்கு அது போதாதா?

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கனத்த உடம்பு. அவர் தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "வெள்ளிக்கிழமை வாரோம். வீட்டுக்குள்ள ஏறி உக்காந்துதான் பொண்ணைப் பாப்பேன். தெருவுல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போக நான் என்ன கரண்டு ரீடிங் எடுக்கவா வாரேன்?"

கொத்தனாரைக் கேட்டால் சிமெண்டு காயவே நாளாகும் என்றார். தச்சு ஆசாரி வெளியூரில் ஒரு கல்யாண மண்டபத்து வேலையில் இருந்தார். பவளம் மூன்று அண்ணன்மாரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"பெரியண்ணே, நல்லா கேட்டுக்கோ. மரத்துல சின்னப் படி ஒண்ணு செய்யணும். நான் சொன்னபடி செய்யணும். அவசரப்படாம படிப்படியா செய்யணும். முதல்ல வாசல் உயரத்தை அளந்து எடுத்துக்கிட்டு மரக்கடைக்குப் போங்க. வெள்ளிக்கிழமை அந்த அம்மா கால் இந்த வாசல்ல படலைன்னா, நான் கம்பெனி விடுதியிலேயே போய்த் தங்கிருவேன். நீங்களே பொங்கிச் சாப்பிடுங்க."

நீங்களே பொங்குங்கள் என்றால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். ஒரு தடவை பவளம் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பும்போது, "உலை கொதிச்சதும் அரிசியைப் போட்டுட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்படியிலிருந்து வந்துவிடுங்கள் என்று அர்த்தம். அவர்கள் அரிசியைப் போட்டுவிட்டு வளைகாப்புக்கே வந்துவிட்டார்கள். திரும்பிப் போனபோது சோறு கரியாகி, பானை இரண்டாகி, பூனை வீட்டை விட்டுப் போயிருந்தது.

பவளம் மினி பஸ் ஏறிப் போனதும் ஆலோசனை தொடங்கியது.

"முதல்ல சின்னப்படின்னா. அப்புறம் சொன்னபடின்னா" என்றார் பூவலிங்கம், மீசையைத் தடவிக்கொண்டு. "கடைசியில படிப்படின்னும் சொன்னா. மொத்தம் எத்தனை படிலே வருது?"

"மூணு" என்றார் மாசானம்.

"அதெப்படி மூணு? படிப்படியில ரெண்டு படி இருக்கே" என்றார் செந்தூரான்.

பூவலிங்கம் விரலை மடக்கிப் பார்த்தார். சின்னப்படி ஒன்று, சொன்னபடி ஒன்று, படிப்படி இரண்டு. ஆக நாலு. "தங்கச்சி கணக்கு தப்பாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வாசலுக்குச் சரியாக நாலு படிதான் வேண்டும். சில நேரம் தூங்கிக்கொண்டே பஸ் ஏறுகிறவனும் சரியான ஊரில் இறங்கிவிடுகிறான்.

"இருக்கட்டும். வாசல் உயரத்தை அளந்து எடுத்துக்கிட்டு மரக்கடைக்குப் போகச் சொல்லியிருக்கா" என்றார் மாசானம்.

வாசலருகே போய் நின்றார்கள். செந்தூரானின் நெஞ்சுக்குச் சரியாக வாசல் இருந்தது. பூவலிங்கம் அடுப்புக் கரியை எடுத்துவந்து தம்பியின் நெஞ்சில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அளந்தாச்சு. இனி எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"யாரை?" என்றார் செந்தூரான்.

"உன்னைத்தான். நீதான்லே அளவு."

அந்த நிமிடத்திலிருந்து செந்தூரான் மனுஷராக இல்லை. சட்டை போட்டால் கோடு அழிந்துவிடும் என்று சட்டை போட விடவில்லை. சாப்பிட்டால் உப்பிவிடும் என்று இட்லியைத் தட்டோடு பறித்து மாசானம் சாப்பிட்டார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்கார விடவில்லை.

"உக்காருங்களேன், இடம்தான் கெடக்கே" என்றார் கண்டக்டர்.

"அவன் உக்காரப்பிடாது" என்றார் பூவலிங்கம். "மடக்கினா அளவு குறைஞ்சிரும்."

"எந்த அளவு?"

"வாசல் அளவு."

கண்டக்டர் செந்தூரானின் நெஞ்சிலிருந்த கரிக்கோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் டிக்கெட் கொடுக்கக்கூட வரவில்லை.

வழியில் செந்தூரானுக்கு ஒரு தும்மல் வந்தது. இரண்டு அண்ணன்மாரும் பதறிப்போய் ஆளுக்கொரு தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "மெதுவாத் தும்முலே! கோடு மேல போயிரும்!" மூச்சை இழுத்தால் கோடு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது என்பதை அப்போதுதான் மாசானம் கவனித்தார். அதனால் மரக்கடை வரும்வரை செந்தூரான் பாதி மூச்சில் நிற்க வேண்டியதாயிற்று. இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. அளவு மட்டும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது.

கடை வாசலில் இன்னொரு சிக்கல். வீட்டில் அளந்தபோது செந்தூரான் வெறுங்காலோடு நின்றார். இப்போது காலில் செருப்பு.

"செருப்பைக் கழட்டு" என்றார் பூவலிங்கம்.

"அந்தம்மா செருப்புப் போட்டுத்தானே வருவாங்க?" என்றார் மாசானம்.

"வாசல்ல கழட்டிருவாங்களே" என்றார் செந்தூரான்.

"படிக்குக் கீழ கழட்டுவாங்களா, மேல ஏறிக் கழட்டுவாங்களா?"

கடைசியில் பூவலிங்கம் நடுநிலையாக ஒரு முடிவெடுத்தார். செந்தூரான் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும், இரண்டுக்கும் நடுவாக, லேசாகச் சாய்ந்து நின்றார்.

மரக்கடைக்காரர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். பல வருஷமாகக் கடை நடத்துகிறார். அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார், கயிற்றில் முடிச்சுப் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். நடந்து வந்த அளவை இப்போதுதான் பார்க்கிறார். ஆனாலும் நல்ல மனுஷர். கோடு வரைக்கும் டேப்பை வைத்து அளந்துகொண்டு, "பலகை அந்த அடுக்குல இருக்கு. தட்டிப் பாத்து எடுங்க" என்றார்.

மாசானம் முதல் பலகையைக் கதவைத் தட்டுவதுபோல் மரியாதையாகத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமில்லை.

"ஆள் இல்ல போலிருக்கு" என்று அடுத்த பலகைக்குப் போனார். அதிலும் பதில் இல்லை. மூன்றாவது பலகையைத் தட்டியதும் பின்னாலிருந்து, "யார்லே அது, மனுஷனைத் தூங்க விடாம?" என்று ஒரு குரல் வந்தது. அங்கே படுத்திருந்த லோடுமேன்.

மாசானம் மெதுவாகப் பின்வாங்கி வந்தார். "அண்ணே, இது வேண்டாம். இதுல ஆள் குடியிருக்காங்க. அந்தக் காலிப் பலகையையே எடுப்போம்."

மரக்கடைக்காரர் வேகமாக எல்லாப் பலகையையும் அளவாக அறுத்து, எது எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் 'இடது', 'வலது', 'மேல்', 'பின்' என்று எழுதியும் கொடுத்தார். அவர்கள் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது அவருக்கு.

எழுதியிருக்கிற பிரகாரம்தான் தூக்கினார்கள். 'வலது' பலகையோடு பூவலிங்கம் ரோட்டின் வலது பக்கம் நடந்தார். 'இடது' பலகையோடு மாசானம் இடது பக்கம் நடந்தார். 'மேல்' என்று எழுதிய பலகைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு, 'பின்' பலகையையும் தூக்கிக்கொண்டு செந்தூரான் பின்னால் வந்தார். தம்பி வருகிறாரா என்று பார்க்க பூவலிங்கம் திரும்பப் போனபோது மாசானம் அலறினார்.

"திரும்பாதண்ணே! திரும்பினா உன் வலது இடதாயிரும்!"

பூவலிங்கம் அப்படியே விறைத்து நின்றார். தப்பித்தது ஒரு நூலிழையில். அப்புறம் ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பவே இல்லை. பின்னால் வந்த செந்தூரான் ஏதோ ஒரு கட்சி ஊர்வலத்துக்குப் பின்னால் போய்விட்டு, கூட்டம் முடிந்து எல்லோருக்கும் கொடுத்த லெமன் சாதப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் வேலை தொடங்கியது. அன்று காலை பவளம் கிளம்பும்போது சொன்ன ஒரே யோசனை, "ஆணி வெளியே தெரியக் கூடாது, அந்தம்மா சேலை மாட்டிக்கும்" என்பதுதான்.

"ஆணி வெளியே தெரியக் கூடாதுன்னா எங்க இருக்கணும்?" என்றார் பூவலிங்கம்.

"டப்பாவுக்குள்ள இருக்கணும்" என்றார் மாசானம்.

அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆணி டப்பாவை மூடி பரண்மேல் பத்திரமாக வைத்துவிட்டு, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அழகாகப் படியை நிறுத்தினார்கள். பார்வைக்குக் குறையே இல்லை. தூரத்தில் நின்று மூவரும் ரசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சேவல் வந்து முதல் படியில் காலை வைத்தது. படி மொத்தமும் சரிந்தது. சேவல் கூரைமேல் ஏறி, சாயங்காலம் வரை இறங்க மறுத்துவிட்டது.

வேலை முடிந்து வந்த பவளம், சிதறிக் கிடந்த பலகைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர்களுக்கு அது தாங்கவில்லை. அடிக்கிற தங்கையைச் சமாளிக்கத் தெரியும். அழுகிற தங்கையை என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"அழாத தாயி" என்றார் பூவலிங்கம். அவருக்கே மீசை நனைந்துவிட்டது. "நீ ஒரு வார்த்தை விடாம சொல்லு. நாங்க ஒரு வார்த்தை விடாம செய்யுதோம்."

பவளம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஆணி அடிக்கணும். தலை முட்டிக்கிட்டு நிக்காம ஆழமா அடிக்கணும். ஒருத்தர் உள்ள நின்னு பலகையைத் தாங்கிப் பிடிக்கணும். பிடிச்ச பிடியை விடக் கூடாது. மத்த ரெண்டு பேரும் வெளிய நின்னு அடிக்கணும். பின்பக்கமும் பலகையைப் போட்டு மூடிருங்க, இல்லைன்னா கோழி உள்ள போய் அடைகாக்கும். நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு மத்தியானம் வந்துருவேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் செய்தார்கள். வாசலுக்குப் பக்கவாட்டில் முருங்கை நிழலில் மாசானம் குனிந்து நின்று பலகைகளைத் தாங்கிக்கொண்டார். இடது, வலது, முன்பக்கம், படிப் பலகைகள் என்று சுற்றிலும் வைத்து பூவலிங்கமும் செந்தூரானும் அடித்தார்கள். கடைசியில் பின்பலகையையும் போட்டு மூடினார்கள். ஒரு ஆணித் தலைகூட முட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. உண்மையிலேயே நல்ல படி.

"அண்ணே, முடிஞ்சுதா?" என்றது படி.

"முடிஞ்சுது மாசானம். வெளிய வா."

கொஞ்ச நேரம் உள்ளே உருட்டுகிற சத்தம். "வழி எங்கண்ணே இருக்கு?"

பூவலிங்கமும் செந்தூரானும் படியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எந்தப் பக்கமும் வழி இல்லை.

"ஒரு கதவு வச்சிருக்கலாமோ?" என்றார் செந்தூரான்.

"படிக்கு எந்த ஊர்லலே கதவு வைக்கான்?" என்று பூவலிங்கம் சிடுசிடுத்தார்.

"ஒரு பலகையைப் பிடுங்குவோமா?"

"பவளம் அழுவா."

உள்ளேயிருந்து மாசானமே முடிவு சொன்னார். "பிடுங்காதீங்க. பிடிச்ச பிடியை விடக் கூடாதுன்னுதான் தங்கச்சி சொல்லியிருக்கா. அவ வரட்டும். எனக்கு ஒரு டீ மட்டும் கொடுங்க."

டீயை எப்படி உள்ளே கொடுப்பது என்று யோசித்தார்கள். கடைசியில் செந்தூரான் படியின் ஓரத்தைப் பிடித்து ஒரு முழம் தூக்கினார். பூவலிங்கம் டீ கிளாஸை அடியில் நீட்டினார். மாசானம் வாங்கிக்கொண்டதும் படியைத் திரும்ப இறக்கி வைத்தார்கள். கிளாஸை வாங்க ஒரு தடவை தூக்கினார்கள். பத்து மணிக்கு வடை கொடுக்க இன்னொரு தடவை தூக்கினார்கள். வழி இல்லையே என்ற வருத்தம் மட்டும் இரண்டு பேர் முகத்திலும் அப்படியே இருந்தது.

மத்தியானம் வந்த பவளத்தால் கண்ணை நம்ப முடியவில்லை. படியைத் தொட்டுப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். "பெரியண்ணே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கண்ணில் தண்ணீர். இது வேறு தண்ணீர்.

"மாசானண்ணன் எங்க?"

"உள்ள இருக்கான்."

"குளிச்சாச்சா?"

"அதுக்கு இடம் பத்தாது" என்றார் செந்தூரான்.

பவளத்துக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அடுக்களைப் பக்கம் கவிழ்த்துப் போட்டிருந்த உரலில் ஏறி உள்ளே போய், சேலை மாற்றத் தொடங்கிவிட்டாள்.

சொன்ன நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் சிதம்பரராஜா இறங்கினார். அப்புறம் அவரும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஆவுடையம்மாளை இறக்கினார்கள். அவர் வாசலைப் பார்த்தார். அது அவருடைய மூக்குக்கு நேரே இருந்தது. முகம் மாறியது.

"ஏன் தம்பி, படி போட்டு வச்சிருக்கோம்னு தரகர் சொன்னாரே?"

"இருக்கே அத்தை" என்ற பூவலிங்கம், முருங்கைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "வாலே, இங்க வா. வாசல்கிட்ட வந்து நில்லு."

படி எழுந்தது. கீழே இரண்டு கால் தெரிந்தது. தத்தித் தத்தி நடந்து வந்து, வாசலில் ஒரு முட்டு முட்டி, கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து, சரியாக உட்கார்ந்தது.

ஆட்டோ டிரைவர் ஆட்டோவுக்குள் ஏறிக்கொண்டார். ஆனால் ஆவுடையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படியையே பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை.

"அடேயப்பா! எத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன். முட்டிவலிக்காரின்னு தெரிஞ்சு படியே எந்திரிச்சு வந்தது இங்கதான்" என்று சொல்லி முதல் படியில் காலை வைத்தார்.

"மெதுவா வாங்க அத்தை" என்றது படி. "கைப்பிடி இல்ல. சின்னவன் தோளைப் பிடிச்சுக்கோங்க."

ஆவுடையம்மாள் ஒரு நொடி நின்றார். பிறகு மகனைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். "டவுன் ஆஸ்பத்திரி லிஃப்டு பேசுமே, 'கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது'ன்னு. அந்த மாதிரி வாங்கிப் போட்டிருக்காங்க. வசதியான இடம்தான்." பேசிக்கொண்டே அடுத்தடுத்த படியில் ஏறி, வலது காலை எடுத்து வாசலில் வைத்தார்.

உள்ளே எல்லாம் நல்லபடியாக நடந்தது. பவளம் காப்பி கொண்டுவந்தாள். சிதம்பரராஜா நிமிர்ந்து பார்த்தார், குனிந்து சிரித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பவளத்துக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. ஆவுடையம்மாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைத் தடவிக்கொடுத்தார்.

"எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. நகை நட்டு, பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். சீர்வரிசையில அந்தப் படியை மட்டும் அனுப்பிருங்க. எங்க வீட்டு மாடிக்கு ஏறி ஒரு வருஷமாச்சு."

பவளம் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன அத்தை, கொடுத்துருவோம்" என்றாள்.

பூவலிங்கம் மட்டும் மீசையைத் தடவினார். "அது எப்படித் தாயி நாம மட்டும் முடிவு பண்ண முடியும்? தம்பியையும் ஒரு வார்த்தை கேக்கணுமே."

"எந்தத் தம்பியை?"

"மாசானத்தைத்தான். படி போனா அவனும்லா போகணும்."

பவளம் வாசலுக்கு ஓடினாள். படியில் காதை வைத்தாள். "தங்கச்சி, காப்பி எனக்கு இல்லையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆவுடையம்மாளின் கை கன்னத்துக்குப் போனது. அந்த ஒரு நிமிடத்தில் பவளத்துக்குக் கம்பெனி விடுதி, அதன் இரும்புக் கட்டில், வாளித் தண்ணீர் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயிற்று. போயிற்று, இந்த இடமும் போயிற்று.

அப்போதுதான் சிதம்பரராஜா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கார். நாம காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கோம். இது சரியில்ல" என்று எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். வாசலில் கையூன்றி ஒரே குதியாகத் தெருவில் இறங்கினார். "நான் அவரை வெளிய எடுக்கேன்."

பவளத்துக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன குரல்! என்ன தெளிவு! கடைசியில் இந்த வாசலுக்குப் புத்தியுள்ள மனுஷர் ஒருவர் வந்துவிட்டார்.

அவர் படியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். "எல்லாப் பக்கமும் மூடியிருக்கு" என்றார்.

"அடியில மூடலையே!" என்று பவளம் மேலிருந்து கத்தினாள். "படியைத் தூக்குங்க, போதும்!"

சிதம்பரராஜா விரலைச் சொடுக்கினார். "அதேதான். எல்லாரும் பிடிங்க. தூக்குங்க!"

பூவலிங்கம் ஒரு பக்கம், செந்தூரான் ஒரு பக்கம், மனசு கேட்காமல் இறங்கி வந்த ஆட்டோ டிரைவர் ஒரு பக்கம். வாழைத்தார் தூக்கிப் பழகிய கைகள் அல்லவா, படி தலைக்கு மேலே போனது. மாசானம் பட்டப்பகல் வெளிச்சத்தில், கையைத் தூக்கிய வாக்கிலேயே, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தெருவில் நின்றார்.

சிதம்பரராஜா குனிந்து அடியில் போய், அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார்.

"இப்ப இறக்குங்க" என்றார்.

இறக்கினார்கள்.

"அம்மா!" என்று படிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சானைப் பிடிச்சுட்டேன்! பத்திரமா இருக்கார்!"

ஆவுடையம்மாள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். "சொன்னா சொன்னதைச் செஞ்சிருவான் என் பிள்ளை. அவங்க அப்பாவும் இப்படித்தான்."

பவளம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழப்போகிறாள் என்றுதான் செந்தூரான் நினைத்தார். அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"எனக்குச் சம்மதம் அத்தை. புதுசா எதையும் பழக வேண்டாம்."

உள்ளே ஆவுடையம்மாள் வெற்றிலைத் தட்டை எடுக்கச் சொன்னார். வெளியே படி மறுபடியும் எழுந்தது. இப்போது அதற்கு நாலு கால். இரண்டு கால் கிழக்கே போகப் பார்த்தது, இரண்டு கால் மேற்கே இழுத்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே சுற்றிவிட்டு, ஒருவழியாக ஒற்றுமைப்பட்டு, ஆட்டோவைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கத் தொடங்கியது.

"மாப்பிள்ளை, எங்க போறோம்?" என்று மாசானம் கேட்பது தெருவுக்கே கேட்டது.

"நடந்துக்கிட்டே இருப்போம் மச்சான்" என்றார் சிதம்பரராஜா. "வெளியன்னு ஒண்ணு எங்கயாவது வராமலா போயிரும்?"